நெஞ்சுக்குப் போட்ட ஊசி

காசநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா, அது ஆளை முடமாக்கிவிடுமாமே என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். எனக்கு இப்போது நோய் இல்லை. சளியில் கிருமி இல்லை என்று மூன்று தடவை பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். அதைச் சொன்னாலும் தலைப்பை வாயிலிருந்து எடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். நடந்ததைத் தெரிந்த அளவுக்கு எழுதி வைக்கிறேன்.

என் பெயர் மருதாயி. எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டகொடை ரயில் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏறிப்போகும் தூரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் கூடையை முதுகில் போட்டவள். என் வீட்டுக்காரர் சுப்பையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்களுக்கு ஒரே பெண், லெச்சுமி. நோய் வந்தபோது அவளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது.

முதலில் இருமல்தான். மழைக்காலத்து இருமல் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் இருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்புத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். குடித்தேன். சாயங்காலமானால் மேல் சுடும். விடியும் முன்னே வேர்த்துக் கம்பளி நனைந்திருக்கும். வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை இன்னும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது. வேலை கடுமை, சாப்பாடு போதவில்லை என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் தேயிலை நிரையில் நின்று இருமியபோது கையிலிருந்த கொழுந்தின் மேல் இரத்தம் தெறித்தது. பச்சைக் கொழுந்தில் அது பளிச்சென்று தெரிந்தது. யாரும் பார்க்கும் முன்னே அந்தப் பிடியைக் கான் வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டு மறுபடி கொழுந்து எடுக்கத் தொடங்கினேன். எறிந்த கொழுந்துக்கு நிறையில் குறையுமே என்றுகூட நினைத்தேன். அவ்வளவுதான் அப்போது எனக்கு விளங்கியது.

டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ஜில்லென்ற ஒரு பலகையில் நெஞ்சை ஒட்டி நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். இழுத்தால் இருமல் வந்தது. நாலாவது தடவைதான் சரியானது. வலது நுரையீரலில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது, காசம், கீழ்நாட்டில் அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போகவேண்டும் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்டார். "மாசக்கணக்கு" என்று பதில் வந்தது.

புறப்படும்போது லெச்சுமியைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என் நாத்தனார் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். பிள்ளை என்னிடம் வரவேண்டும் என்று இரண்டு கையையும் நீட்டி அழுதது. நான் திரும்பி நடந்தேன்.

*

ஆஸ்பத்திரி வார்டு நீளமானது. இரண்டு பக்கமும் கட்டில்கள். சன்னல்கள் எப்போதும் திறந்தே கிடக்கும். மலையில் பிறந்தவளுக்கு அந்தப் புழுக்கமே பாதி நோய். முப்பது பெண்களில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருச் சிங்களம்: எவ்வளவு, வேண்டாம், தண்ணீர், வலிக்கிறது. பக்கத்துக் கட்டிலில் சோமாவதி என்று ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவளுக்கும் தமிழில் கொஞ்சம் கடைத்தெருத் தமிழ். இரண்டையும் சேர்த்து ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டோம். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னைத் தங்கை என்ற பொருளில் நங்கி என்பாள்.

மருந்து மூன்று வகை. பின்னால் தமிழ் தெரிந்த ஒரு டாக்டர் விளக்கிச் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

ஒன்று ஊசி. ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயர். மண்ணில் வாழும் ஒருவிதப் பூஞ்சணம் போன்ற நுண்ணுயிரிலிருந்து எடுத்ததாம். காசக்கிருமியைப் பெருகவிடாமல் அடக்கும். விழுங்கினால் குடல் அதை எடுத்துக்கொள்ளாது என்பதால் தினமும் இடுப்புக்குக் கீழே சதையில் ஏற்றுவார்கள். இன்றைக்கு வலப்பக்கம் என்றால் நாளைக்கு இடப்பக்கம். ஒரு மாதத்தில் இரண்டு பக்கமும் கட்டி கட்டியாக வீங்கி, மல்லாந்து படுக்க முடியாமல் போனது.

இரண்டாவது பாஸ் என்ற மருந்து. பெரிய பெரிய வில்லைகள், ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி. கிருமி அதைத் தன் தீனி என்று நினைத்து உள்ளே எடுத்துக்கொண்டு கெட்டுப்போகுமாம். கிருமிக்கு என்ன ஆனதோ, எனக்கு வயிறு புரட்டியது. சோற்றைக் கண்டாலே குமட்டல், பேதி. பலபேர் அதை யாருக்கும் தெரியாமல் சன்னலுக்கு வெளியே எறிவார்கள். வெளியே புல்லில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும்.

மூன்றாவது சின்ன வெள்ளை மாத்திரை. அது நல்ல மருந்து, பசியைக் கொடுத்தது. சிலருக்கு மட்டும் பாதம் எரியும், ஊசி குத்தின மாதிரி இருக்கும். அதற்கு ஒரு விட்டமின் கொடுப்பார்கள்.

மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளுமாம். பழகிவிட்டால் பிறகு அந்த மருந்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் அசையாது. அப்படிப்பட்டவர்கள் எங்கள் வார்டின் கோடியில் ஐந்து பேர் இருந்தார்கள். நான் இருக்கும்போதே மூன்று கட்டில் காலியானது.

காய்ச்சல் மூன்றாம் வாரத்தில் நின்றது. இருமலில் இரத்தம் இல்லை. இவர் மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறி வருவார். வரும்போது நாத்தனார் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். அது கட்டையாகக் காய்ந்திருக்கும். நான் தேத்தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "பிள்ளை எப்படி இருக்கா?" என்றால், "நல்லா இருக்கா" என்பார். அதற்கு மேல் அவருக்குப் பேச வராது. அந்த மாதம் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சதை புடிச்சிருக்கு" என்றார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

*

ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் காலையில் கட்டிலைவிட்டு எழுந்தேன். வார்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சரியானது போலிருந்தது. தலையைத் திருப்பினால் மறுபடி சாய்ந்தது. பாஸ் மருந்தின் குமட்டல் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நர்ஸம்மாவிடம் சொன்னேன். அங்கே எல்லாரும் அவர்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தலை சுற்றுகிறது என்பதற்குச் சிங்களத்தில் எனக்குச் சொல் தெரியாது. தலைக்குச் சொல் தெரியும், வலிக்குச் சொல் தெரியும். இரண்டையும் சேர்த்து, "மிஸ்ஸி, ஒளுவ ரிதெனவா" என்றேன். தலை வலிக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மிஸ்ஸி நல்ல மனுஷி. உடனே இரண்டு ஆஸ்பிரின் மாத்திரை கொண்டுவந்து, தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார். அதோடு அன்றைய ஊசியையும் போட்டார்.

இப்படி ஒன்பது நாள். தினமும் காலையில் நான் தலையைத் தொட்டுக் காட்டி அதே சொல்லைச் சொல்வேன். தினமும் ஆஸ்பிரின் வரும். ஊசியும் வரும். நான் சொல்லிவிட்டேன், அவர்கள் மருந்து தருகிறார்கள், இனி அது கேட்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். நடுவில் டாக்டர் வந்தார். அவர் கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டையைப் பார்த்தார், காய்ச்சல் இல்லை, எடை கூடியிருக்கிறது. நல்லது என்ற பொருளில் "ஹொந்தய்" என்று தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்தாம் நாள் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தேன். கால் இடறவில்லை. கால் இருக்கும் இடமே எனக்குத் தெரியவில்லை. சோமாவதி அக்கா வந்து என்னைத் தூக்கினாள். தூக்கியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டி, "கெரகெனவாத?" என்றாள். விரலைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது. ஆமாம், ஆமாம், அதுதான் என்றேன். அவள் வார்டின் இந்தக் கோடியிலிருந்தே மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் கத்தினாள். மிஸ்ஸி ஓடி வந்தார். அக்கா சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு ஊசி போடவில்லை.

சாயங்காலம் வேறொரு டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஆண்கள் வார்டைப் பார்ப்பவர். தமிழ் பேசுவார் என்று மிஸ்ஸியே போய் அழைத்து வந்திருந்தார். நாற்பது நாளுக்குப் பிறகு ஒரு டாக்டர் என்னோடு தமிழில் பேசியது அன்றுதான்.

"எத்தினை நாளா உங்களுக்குத் தலை சுத்துது?"

"பத்து நாளா ஐயா. சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எழும்பி நில்லுங்கோ. ரெண்டு காலையும் ஒண்டாச் சேருங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன், பயப்பிடாதேங்கோ. இப்ப கண்ணை மூடுங்கோ."

கண்ணை மூடினேன். மரம் சாய்வது போல அவர் கைமேல் சாய்ந்தேன். அவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு சொன்னார். காதுக்கு இரண்டு வேலை. ஒன்று கேட்பது. இன்னொன்று ஆளை நேராக நிற்கவைப்பது. காதுக்குள் ஆழத்தில் தண்ணீர் போன்ற ஒன்று இருக்கிறது, அதில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று அவைதான் மூளைக்குச் சொல்லும். இந்த ஊசி மருந்து சிறுநீரோடு வெளியே போய்விடும், ஆனால் காதுக்குள் இருக்கும் அந்தத் தண்ணீரில் மட்டும் தங்கிவிடும். தங்கி, மயிர்களைக் கருக்கும். எல்லாருக்கும் அப்படி வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

"திரும்ப முளைக்குமா ஐயா?"

"முளைக்காது."

அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்குக் கோபமாக இருந்தது.

"ஊசிய நிப்பாட்டிருங்க ஐயா."

"நிப்பாட்டலாம். ஆனா உங்கட படத்தில ஓட்டை இன்னும் மூடேல்லை. மற்ற ரெண்டு மருந்தையும் மட்டும் நம்பி விட்டா, கிருமி அதுக்குப் பழகினால் பிறகு ஒண்டும் செய்யேலாது. தினமும் போடாமல் கிழமைக்கு ரெண்டு ஊசியாக் குறைச்சுப் போடலாம். அப்பிடிப் போட்டால் இருக்கிற மிச்சம் தப்பும் எண்டு நினைக்கிறன். உறுதியாச் சொல்லேலாது." என் அட்டையில் ஏதோ எழுதிவிட்டு, "உங்கட அவர் வரட்டும். கதைச்சு முடிவெடுங்கோ" என்றார்.

அந்த நாட்கள்தான் மோசமானவை. படுத்திருந்தாலும் கட்டில் சுழன்றது. வாந்தி. சோமாவதி அக்கா வாந்திச் சட்டியைப் பிடிப்பாள். அவளுக்கே மூச்சு வாங்கும். என் தலை இரண்டு பக்கமும் அசையாமலிருக்கத் தன் தலையணையையும் எடுத்து என் காதோரம் அணைத்து வைத்துவிட்டு, அவள் வெறும் மெத்தையில் படுத்தாள். மிஸ்ஸி ஒருநாள் வந்து கட்டிலோரம் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது புரிந்தது. தப்பு யாருடையது என்று நான் எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறேன். அவருடையதும் இல்லை. ஒரு சொல் தெரியாமல் போனது என் தப்பா என்றும் தெரியவில்லை.

இவர் வந்தார். எல்லாவற்றையும் டாக்டரே அவருக்குச் சொன்னார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். முழுவதும் கேட்டு முடித்து, "உசுரு இருந்தாப் போதுங்க. ஊசியப் போடுங்க" என்றார்.

"நான் மலையில நிக்கணுமேங்க. எப்படி நிப்பேன்?" என்றேன்.

"முதல்ல நீ இரு. மத்ததப் பொறவு பாப்போம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று மனம் கொதித்தது. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. சரி என்றேன்.

*

மொத்தம் பதினோரு மாதம். ஓட்டை மூடியது. வாந்தி நின்றது, படுத்தால் சுழல்வதும் நின்றது. ஆனால் நடந்தால் எதிரே இருப்பதெல்லாம் குதித்தது. சுவர், மரம், வருகிற ஆள் முகம், எல்லாம் என் காலடிக்குக் காலடி மேலும் கீழும் ஆடும். நின்றால்தான் ஆள் யாரென்று தெரியும். காது இழந்ததைக் கண்ணும் பாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும் என்றார் அந்த டாக்டர். வார்டின் நடுக்கோட்டில் என்னைத் தினமும் நடக்கவைத்தார். சோமாவதி அக்கா எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, என் முகத்தைப் பார்த்தபடி கூட வருவாள். நான் வீடு வரும்போது அவள் அங்கேயே இருந்தாள். பிறகு செய்தி இல்லை.

வீட்டில் லெச்சுமி நாத்தனாரை அம்மா என்று கூப்பிட்டாள். என்னைப் பார்த்ததும் நாத்தனாரின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். நாத்தனார் பதறி, "அந்தா உங்கம்மாடி, போடி" என்று தள்ளினாள். "தள்ளாதீங்க மதினி, அவளா வரட்டும்" என்றேன். வர ஒரு மாதமானது.

வேலைக்குப் பெயர் பதியப் போனேன். வேலை செய்யாதவர் பெயர் தோட்டத்துப் பதிவில் அதிக நாள் நிற்காது என்பது எல்லாருக்கும் தெரியும். கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் சமதரையில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று இவர் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சினார். காசம் வந்தவள் கை தேயிலையில் படக்கூடாது என்று துரை சொல்லிவிட்டாராம். பிள்ளைமடுவத்தில் ஆயாவுக்குத் துணையாக இருக்கிறேன் என்று கேட்டேன். தாய்மார்கள் பிள்ளைகளை விடமாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், நானும் விட்டிருக்க மாட்டேன். "பேரு வேணும்னா மலைக்கு வரட்டும்" என்றார் கண்டாக்கையா.

மலைக்குப் போனேன். வெயில் நாளில் முடிந்தது. தூரத்து மலை விளிம்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, இடது கையால் செடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கொழுந்து எடுப்பேன். மற்றவர்கள் இரண்டு கையால் எடுப்பதில் பாதிகூட வராது. கூடையின் கயிறு தலையில் இருப்பதால் பாரம் ஏற ஏறத் தலை பின்னால் இழுபடும், மலை அசையும். அப்போது நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். நாலு நாள் அப்படிப் போனது.

ஐந்தாம் நாள் பத்து மணிக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த பனிதான். அது என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்கவில்லை. மலை விளிம்பு மறைந்தது. கீழே ரோடு மறைந்தது. பக்கத்து நிரையும் மறைந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. மேல் எது, கீழ் எது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் தேயிலைத் தூரைக் கட்டிக்கொண்டேன். உட்கார்ந்த பிறகும் விழுந்துகொண்டிருப்பது போலவே இருந்தது. கொழுந்து நிறுக்கக் கங்காணி விசிலடித்தார். பேச்சும் சிரிப்புமாகப் பெண்கள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. என் பெயரைக் கூப்பிடுவதும் கேட்டது.

"இங்கதான் இருக்கேன்" என்று கத்தினேன்.

"எங்க புள்ள? எறங்கி வா!"

"வர முடியலைங்க."

பக்கத்து நிரைக்காரி பூமாயி மேலேறி என்னைத் தேடி வந்தாள். என் கூடையைத் தன் கூடைக்குள் கொட்டினாள். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் இடுப்புப் படங்கைப் பிடிக்கவைத்தாள். அவள் ஒரு படி இறங்க, நான் உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி ஒரு படி இறங்கினேன். கீழே கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து எனக்கு ரோட்டோரத்துக் கடைசி நிரை என்றார் கங்காணி. பனி இறங்கினால் ரோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். உட்கார்ந்த நாளுக்கு அரைப் பேர்தான், பாதிக் கூலி. ஆடி ஆவணியில் பனி இல்லாத நாள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் இவர் வேலைவிட்டு வந்தார். வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தியைச் சுவரில் செருகிவிட்டு, என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"ஊசியப் போடுங்கன்னு நாந்தானே சொன்னேன்" என்றார்.

உங்கள் மேல் தப்பில்லை, நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் இந்நேரம் மண்ணுக்குள் இருப்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். லெச்சுமி அடுப்போரத்தில் குச்சியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

"பீலித் தண்ணியில போயி முகம் கழுவணும்" என்றேன். "கண்ணுல சவுக்காரம் இருக்கறப்ப நிக்க வராது. கூட வந்து புடிச்சுக்கிறீங்களா?"

அவர் எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பீலியடியில் நான் குனிந்து கண்ணை மூடியதும், இரண்டு கையாலும் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.